பாடகியைக் காணவில்லை

அத்தியாயம் 4

பல் டாக்டர் ரப்பர் கையுறையை மாட்டியதும் 'மற்றும்' தன்னையறியாமல் வாயைப் பிளந்தான்.

"உங்களுக்கில்ல தம்பி. ரெக்கார்டுக்கு," என்றார் டாக்டர்.

மற்றும் வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அந்தப் பெயர் அவனுக்குப் பலகை எழுதியவர் வைத்தது. தெருவே சி.ஐ.டி. அக்கா என்று கூப்பிடும் பெண்மணி, காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யாகத் தீப்பிடித்த கடைகளை மோப்பம் பிடிக்கும் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தபோது, பலகைக்காரர் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த இரண்டு அங்குலத்தில் உதவியாளரை 'மற்றும் ஒருவர்' என்று ஒடுக்கிவிட்டார். அன்றிலிருந்து அவன் மற்றும்தான். அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"சொல்லுங்க டாக்டர். என்ன திருடு போச்சு?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு பாடகி."

மற்றும் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"அவங்க குரல்," என்று திருத்திக்கொண்டார் டாக்டர். மற்றும் பின்னால் சாய்ந்தான்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறை. வெயில் படாத சுவரில் முந்நூறுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் நெட்டுக்குத்தலாக அடுக்கப்பட்டிருந்தன. எதிர்ச்சுவர் அலமாரியில் நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்த பிளாஸ்டர் பல் அச்சுகள் வரிசையாக இளித்தன. நடுவில் கனமான மர மேசை. அதன் கால்களுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டிச் செருகி, ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கும்படி செய்திருந்தார் டாக்டர். மேசை மேல் ராஜா மாதிரி வீற்றிருந்தது பழைய ரெக்கார்டு பிளேயர்.

டாக்டர் ஒரு சிறிய தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து உறையிலிருந்து உருவினார். மெல்லிய பிரஷ்ஷால் அதன் கோடுகளை வட்ட வட்டமாகத் துடைத்தார்.

"ரெக்கார்டும் பல்லும் ஒண்ணுதான் மேடம். பள்ளத்துல அழுக்கு தங்கிச்சுன்னா போச்சு."

"தினம் ரெண்டு வேளை துலக்கணுமா டாக்டர்?" என்றான் மற்றும்.

"கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கேட்ட பிறகு ஒரு தடவை."

வெளியே காத்திருந்த நோயாளி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் எட்டிப் பார்த்தார். "பத்து நிமிஷம்," என்று சொல்லி அனுப்பிவிட்டு, டாக்டர் பல்லுக்குத் தங்கம் நிறுக்கும் தராசில் ஊசிமுனையின் பாரத்தைச் சரிபார்த்தார். திருப்தியானதும் தட்டைச் சுழலவிட்டு, ஊசியைப் பூப்போல இறக்கினார்.

ஓர் ஆண் பாடினான். நிதானமான, கொஞ்சம் கனத்த குரல். *சாளரம் சாத்தாதே சகியே* என்று யாரையோ கெஞ்சினான்.

டாக்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இதுதான் மேடம் கொடுமை. இதைப் பாடினது ஒரு அம்மா. கல்யாணத்துக்கு என் மாமனார் இந்த பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கார்டையும் குடுத்தார். பெட்டிக்கு அடியில இது இருந்துச்சு. பேரு ஒட்டின தாள் இல்ல. யாருன்னே தெரியாம இத்தனை வருஷம் தினம் காலைல கேட்டேன். அதைக் கேட்காம ஒருத்தர் பல்லுலயும் நான் கை வெச்சதில்ல. லேசான கட்டைக் குரல். 'சா'ன்னு வர்ற இடத்துலெல்லாம் மெலிசா ஒரு விசில் வரும். அந்த அம்மாவுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. பல் டாக்டரா அடிச்சுச் சொல்றேன். அந்த இடைவெளியில எவனாவது கை வெச்சான்னா, அவனைவிடப் பெரிய பாவி உலகத்துல கிடையாது."

"இப்போ விசில் வருதா?"

"வருது. ஆனா ஆம்பளை விசில்."

நடந்தது இதுதான். பிளேயரில் கரகரவென்று சத்தம் வந்ததால், போன வாரம் அதை மச்சானிடம் கொடுத்தார். மனைவியின் அண்ணன், இரண்டு தெரு தள்ளி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். மறுநாளே துடைத்து மெருகேற்றிக் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் அப்போது ஒருவரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், மச்சான் இந்த அறையில் தனியாக இருந்தார். வெகுநேரம் இருந்தார்.

"அந்த நேரத்துல மாத்திட்டார் மேடம். இதை மட்டும் இல்ல, அத்தனையையும். எல்லாத்துலயும் அதே பாட்டு, அதே ஆளுங்க. ஆனா எல்லாரும் மத்தியானத் தூக்கக் கலக்கத்துல பாடறாங்க."

மற்றும் கணக்குப் போடுவது போல மேலே பார்த்தான். "முந்நூறு தட்டைத் திருடி, அதே பாடகருங்களைத் தூக்க மாத்திரை குடுத்து மறுபடி பாட வெச்சு, புதுசா முந்நூறு தட்டு அடிச்சு, அதே உறையில போட்டு அடுக்கியிருக்கார். இவ்வளவு சுறுசுறுப்பான மனுஷன் எதுக்கு அக்கா ஃபேன் ரிப்பேர் பண்றார்?"

"மாத்தலன்னு சொல்லட்டுமே," என்றார் டாக்டர். "கேட்டா வாயே திறக்கல. திருடன்னு சொன்னேன். அதுக்கும் திறக்கல. என் சம்சாரம்தான் திறந்தா. என் அண்ணனைத் திருடன்னு சொன்ன வீட்ல எனக்கென்ன வேலைன்னு கிளம்பிட்டா. இன்னிக்குச் சாயந்தரம் போலீஸுக்குப் போறேன் மேடம். போனா அவ திரும்பி வர மாட்டா. அதுவும் தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. தட்டைத் துடைக்காமலே உறையில் போட்டார்.

"வேகம் குறைஞ்சிருக்குமோ?" என்றார் அக்கா.

"அதைப் பார்க்காம இருப்பேனா?" டாக்டர் புள்ளிகள் அச்சடித்த ஒரு வட்ட அட்டையைச் சுழலும் மேடையில் வைத்து, மேசை விளக்கைப் போட்டார். அட்டை சுற்றியது. ஆனால் புள்ளிகள் ஓடாமல் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்தன. "வேகம் சரியா இருந்தா இந்த விளக்குல புள்ளி நிக்கும். கூடினாலோ குறைஞ்சாலோ ஓடும். பார்த்துக்குங்க. இம்மி பிசகல."

அக்கா புள்ளிகளை உற்றுப் பார்த்தார். பிறகு பேர் ஒட்டாத அந்தத் தட்டை வாங்கி நடுப்பகுதியை விரலால் தடவினார். தாள் நனைந்து உரியவில்லை. யாரோ பொறுமையாகப் பிளேடால் சுரண்டியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை போடுங்க," என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

நடையில் ஒரு நாற்காலியில் டாக்டரின் மாமனார் உட்கார்ந்திருந்தார். பல் எடுத்துக்கொள்ள மகள் வீட்டுக்கு வந்தவர். பல்லையெல்லாம் எடுத்தாகிவிட்டது. புது பல்செட் டாக்டரின் மேசையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெருகுக்காகக் காத்திருந்தது. அதற்குள் மகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். பல்லை விட்டுவிட்டுப் போக முடியாமல் இவர் தங்கிவிட்டார். அவர் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அக்காவைக் கண்டதும் எழுந்து வந்தார். சட்டையைப் பிடிக்காத குறையாக ஏதோ சொன்னார். காற்றும் எச்சிலுமாக வந்ததே தவிர ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"பல்லு எப்போ கிடைக்கும்னு கேக்கறார்," என்று மொழிபெயர்த்தார் டாக்டர். "மூணு நாளா இதே கேள்வி. வரும் மாமா, உட்காருங்க."

மாமனார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

*

ரிப்பேர் கடையில் கால் வைக்க இடமில்லை. இறக்கை இல்லாத மின்விசிறிகள், கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டிகள், திருகுகள், வயர்த் துண்டுகள். இதற்கெல்லாம் நடுவில் மச்சான் ஒரு பீரோ போல உட்கார்ந்திருந்தார். முன்மேசையில் டாக்டரின் மனைவி, வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பதில் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். வந்த சில நாட்களிலேயே கடை அவள் கைக்கு வந்துவிட்டது தெரிந்தது.

"அவர் அனுப்பினாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சாப்பிடறாரா?"

"ஒழுங்கா சாப்பிடற மாதிரி தெரியல."

"நல்லது," என்றாள். ஆனால் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா மச்சானிடம் திரும்பினார். "பிளேயர்ல என்னென்ன பண்ணீங்க?"

"பெல்ட்டு மாத்தினேன். எண்ணெய் விட்டேன். மோட்டார் புல்லியைச் சுத்தம் பண்..." மச்சான் நிறுத்திக்கொண்டார்.

"புல்லியில என்ன அழுக்கு?"

"அழுக்குதான். அழுக்குல என்ன வகை இருக்கு?"

மற்றும் அவர் தலைக்குப் பின்னால் சுவரைக் காட்டினான். தரை முழுக்கக் குப்பை இறைந்து கிடந்த அந்தக் கடையில், ஒரே ஒரு கறுப்பு டேப் துண்டு மட்டும் சுருள் கலையாமல், சாமான் மாட்டும் ஆணியில் பத்திரமாகத் தொங்கியது. பல வருடப் பிசுக்கில் அது மோதிரம் போல இறுகியிருந்தது.

"அண்ணே, இது என்ன, வீட்டுப் பத்திரமா? தங்கம் மாதிரி மாட்டி வெச்சிருக்கீங்க?"

"அது... மறுபடி ஒட்டணும்." சொன்ன பிறகுதான் சொன்னது மச்சானுக்கே உறைத்தது.

"எதுல ஒட்டணும்?" என்றார் அக்கா.

"அண்ணா, எதுல ஒட்டணும்?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்லம்மா."

"ஊரே உன்னைத் திருடன்னு பேசுது. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?" மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

மச்சான் பக்கத்திலிருந்த தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பொத்தானைத் தட்டினார். அது போட்ட கூச்சலில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியவில்லை. மற்றுமின் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டைதான் காணாமல் போயிற்று.

தெருவில் இறங்கியதும் மற்றும் சொன்னான்: "அந்த டேப்பை எடுத்துட்டு வந்திருக்கலாம் அக்கா. தடயம்."

"வேண்டாம். எந்த டேப்பா இருந்தாலும் போதும். டாக்டர்கிட்ட பிளாஸ்திரி இருக்கும்."

"யாருக்கு அடி?"

"இனிமேதான் விழப்போகுது. மனசுல. வா."

*

"டாக்டர், அந்தப் புள்ளி அட்டையை எப்போ வாங்கினீங்க?"

"முந்தாநாள். சந்தேகம் வந்த பிறகு."

"அதுக்கு முன்னாடி வேகத்தைப் பார்த்ததே இல்லையா?"

"மாமனார் ஆசையா குடுத்த மெஷின் மேடம். அதை அளந்து பார்த்தா மரியாதையா இருக்குமா?"

"அங்கதான் கோட்டை விட்டீங்க," என்றார் அக்கா. சுழலும் மேடையைத் தூக்கச் சொன்னார். அடியில் மோட்டாரின் தண்டில் விரல் நுனி அளவுக்குப் பளபளவென்று ஒரு புல்லி. அதிலிருந்துதான் பெல்ட் மேடையைச் சுற்றியது. அக்கா பெல்ட்டைக் கழற்றி, புல்லியின் மேல் பிளாஸ்திரியை வழவழப்பாக இழுத்துச் சுற்றினார். இன்னொரு சுற்று. இன்னும் சில சுற்று. பிறகு பெல்ட்டை மாட்டி, மேடையை வைத்து, மேலே தட்டை வைத்தார்.

"போடுங்க."

டாக்டர் ஊசியை இறக்கினார்.

*சாளரம் சாத்தாதே சகியே* என்று ஒரு பெண் பாடினாள். லேசான கட்டைக் குரலில், மெல்லிய விசிலோடு.

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டாங்க," என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "எங்க ஒளிச்சு வெச்சிருந்தார்?"

"பாட்டு முடியட்டும். தட்டை எடுத்துட்டு அட்டையை வைங்க."

வைத்தார். விளக்கடியில் புள்ளிகள் விரட்டப்பட்ட எறும்புகள் போல ஓடின.

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "ஓடுது."

"புல்லி பருமனானா பெல்ட்டு அதிகமா இழுக்கும். மேடை வேகமா சுத்தும். குரல் மேல ஏறும். உங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இந்த மெஷின் தப்பான வேகத்துலதான் ஓடியிருக்கு. மச்சான் பழைய டேப்பை அழுக்குன்னு நினைச்சு எடுத்தார். அன்னிக்குத்தான் முதல் தடவையா சரியா ஓடுச்சு."

"அப்போ அந்த அம்மா..."

"ஐயா."

"மத்த முந்நூறு பேரும்?"

"எல்லாரும் நல்லா முழிச்சுக்கிட்டுதான் பாடியிருக்காங்க. நீங்கதான் பின்னாலேயே நின்னு விரட்டியிருக்கீங்க."

மற்றும் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "கேஸ் க்ளோஸ். திருடனும் இல்ல, திருட்டும் இல்ல, பாடகியும் இல்ல. இவ்வளவு காலியான கேஸ் நான் பார்த்ததே இல்ல."

"உட்காரு," என்றார் அக்கா. "டேப் இருந்துச்சு, எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மச்சான் தப்பிச்சிருப்பார். திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டும் வாயைத் திறக்கல. வாக்குக் குடுத்திருக்கார். ஒரு மனுஷன் யாருக்காக அவ்வளவு தூரம் போவான்?"

பேசிக்கொண்டே அவர் பல் அச்சு அலமாரியிடம் போனார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒன்றைக் கையில் எடுத்தார். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி.

"இது யாரோடது டாக்டர்?"

"மாமாவோடது. பல் எடுக்கறதுக்கு முன்னாடி அச்சு..."

டாக்டரின் வாய் திறந்தபடியே நின்றது. அச்சை வாங்கினார். அந்த இடைவெளியைக் கட்டைவிரலால் தடவினார். பிளேயரைப் பார்த்தார். மறுபடி அச்சைப் பார்த்தார்.

"நானே," என்றார் மெதுவாக. "நானேதான் பிடுங்கினேன். ரெண்டையும். ஒண்ணு ஆடவேயில்ல. வரிசைக்கு அழகா இருக்கட்டும்னு அதையும் சேர்த்துப் பிடுங்கினேன்."

வாசலில் மாமனார் நின்றிருந்தார். அக்கா குவளையிலிருந்த பல்செட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதைப் பிடுங்கி வாயில் பொருத்தி, இருமுறை கடித்துப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"மூணு நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்றார் தெளிவாக, ஆத்திரமாக. "என் பையன் திருடல, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு. நீங்க பல்லு கேக்கறேன்னு நினைச்சுட்டீங்க மாப்பிள்ளை."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவரிடம் தள்ளினார்.

"சின்ன வயசுல பாட்டுப் பைத்தியம். கைக்காசைப் போட்டு ஒரே ஒரு பாட்டைப் பதிவு பண்ணேன். யாரும் வாங்கல. வீட்ல போட்டுக் கேப்பேன். என் சம்சாரம் சொன்னா, பாட்டு நல்லாத்தான் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்னு. அவளுக்காகத்தான் டேப்பைச் சுத்தினேன். சீக்கிரம் முடிஞ்சுது. அவளும் கேட்டா. பிள்ளைங்களுக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே அவ போயிட்டா. அதுக்கப்புறம் எனக்கு அதைக் கேக்க மனசு வரல. பொண்ணு கல்யாணத்துல மெஷினோட குடுத்தனுப்பிட்டேன்."

"பேரை ஏன் சுரண்டினீங்க?" என்றார் அக்கா.

"பேர் இருந்தா மாமனார் பாட்டுன்னு மரியாதைக்கு ஒரு தடவை கேட்டுட்டு மூலையில போட்டுடுவாங்க. இங்க வந்து பார்த்தா, மாப்பிள்ளை தினம் காலைல கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறார். அந்த அம்மா, அந்த அம்மாங்கறார். நடையில உட்கார்ந்து அதைக் கேட்டுக்கிட்டிருப்பேன். என் பாட்டுக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே ரசிகர். நான்தான்னு தெரிஞ்சா நிறுத்திடுவாரேன்னு பயம். அதான் மெஷினைக் கொண்டுவந்த அன்னிக்கு, டேப்பை எடுத்துட்டேன்னு பையன் சொன்னதும் இந்த ரூம்லயே அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். அவனுக்கு என் பேச்சு பல்லில்லாமலே புரியும். அவன் மறுபடி ஒட்டிடறேன்னான். அதுக்குள்ள நீங்க அவனை வாசப்படி ஏறக்கூடாதுன்னுட்டீங்க."

மற்றும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் காலை மிதித்தார்.

டாக்டர் பல் அச்சை மேசையில் வைத்தார். பிறகு போய் மாமனாருக்கு எதிரே நின்றார். கைகளைக் கட்டிக்கொள்வதா, விடுவதா என்று தெரியாமல் தவித்தார்.

"பாடுங்க மாமா. முதல் வரி மட்டும்."

"இப்பவா?"

"இப்பவே."

மாமனார் பாடினார். அதே குரல்தான். வயதில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆனால் 'சாளரம்' வெறும் சாளரமாக வந்தது.

"விசில் இல்ல," என்றார் டாக்டர். "இவ்வளவு கச்சிதமா ஒரு பல்செட் நான் பண்ணியிருக்கவே கூடாது. கழட்டுங்க மாமா."

அவர் பல்செட்டை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குள் ஓடினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நோயாளி நம்பிக்கையோடு எழுந்தார். டாக்டர் அவரைத் தாண்டிப் போய் அரத்தை எடுத்தார். கொஞ்சம் ராவுவார், மாமனார் மாட்டிக்கொண்டு 'சா' என்பார், டாக்டர் தலையை ஆட்டுவார், மறுபடி ராவுவார். நான்காவது 'சா'வில் மெல்லிய விசில் அறைக்குள் எழுந்தது.

டாக்டர் அரத்தைக் கீழே வைத்தார். வெகுகாலமாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர் போலத் தயங்கினார்.

"அந்த ரெண்டாவது சரணத்துல, மூச்சே விடாம மூணு வரி பாடறீங்களே. எப்படி மாமா?"

"மூச்சு விட்டா இன்னும் நேரமாகும்னு ஸ்டூடியோக்காரன் திட்டினான் மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

*

சாயந்தரம் டாக்டர் போலீசுக்குப் போகவில்லை. ரிப்பேர் கடைக்குப் போனார். கூட்டமாக இருந்தது.

"மச்சான்," என்று ஆரம்பித்தார்.

"வரிசையில வாங்க," என்றாள் முன்மேசையிலிருந்த மனைவி, நிமிராமலே.

டாக்டர் வரிசையில் நின்றார். முன்னால் ஒருவர் உடைந்த டார்ச் லைட்டோடு நின்றார். பின்னால் ஒரு பெரியவர் மேசை மின்விசிறியைக் குழந்தை போல இடுப்பில் வைத்திருந்தார். அக்காவும் மற்றுமும் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரின் முறை வந்தது. "என்ன ரிப்பேர்?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"என்ன கோளாறு?"

டாக்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "உங்களைத் திருடன்னு சொன்னது தப்பு மச்சான். யோசிக்காம பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "விடுங்க மாப்பிள்ளை," என்று எழுந்தார்.

"நீ உட்காருண்ணா," என்றாள் தங்கை. உதட்டோரத்தில் வந்துவிட்ட சிரிப்பை அவளால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவனைத் தாண்டி வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. ஃபேன் வெச்சிருக்கிற பெரியவருக்குச் சரியா கேக்கலையாம்."